எழுத்திலிருந்து பொருளுக்கு

1951-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கணினிக் கூடத்துக்கு ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டளைகள் கொண்ட நிரல் ஒன்றை எழுதி எடுத்து வந்திருந்தார். அங்கிருந்த ஃபெராண்டி மார்க்-1 இயந்திரத்துக்கு அதுவரை எவரும் அவ்வளவு நீளமான நிரலை எழுதியதில்லை. ஆலன் டூரிங் எழுதிய கையேட்டை வாங்கிப் படித்திருந்ததைத் தவிர, அந்த இயந்திரத்தை இயக்கிய பழக்கம் அவருக்கு இல்லை. இரவெல்லாம் அமர்ந்து பிழைகளைத் திருத்தினார். நிரல் ஓடி முடிந்தது. முடிந்த கையோடு கணினியின் ஒலிப்பான் பிரிட்டனின் தேசிய கீதத்தை இசைத்தது. ஹாரோ பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டிருந்த அந்த ஆசிரியரின் பெயர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி.

தேசிய கீதம் இசைத்ததைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்த நிரல் செய்த வேலை. அது கணக்குப் போடும் நிரல் அன்று. வேறொரு நிரலை வாசித்து, அது அடுத்தடுத்து என்ன செய்கிறது என்பதை அடி அடியாகக் காட்டும் நிரல். அதாவது, நிரலைப் பற்றிய நிரல். இயந்திரத்தைத் தொட்ட முதல் நாளிலேயே ஸ்ட்ரேச்சியின் மனம் எங்கே நின்றதோ, இறக்கும் வரையில் அங்கேயே நின்றது என்பது என் கருத்து. எண்கள் அவரை அவ்வளவாக ஈர்க்கவில்லை, மொழி ஈர்த்தது.

அவர் பிறந்த குடும்பத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது. 1916 நவம்பர் 16 அன்று லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். பாட்டனார் ரிச்சர்டு ஸ்ட்ரேச்சி இந்தியாவில் கால்வாய்கள், பொதுப்பணிகள், ரயில் பாதைகள் ஆகியவற்றோடு தொடர்புடைய ஆங்கிலேய அதிகாரி. தந்தை ஆலிவர் ஸ்ட்ரேச்சியும் முதலில் இந்திய ரயில்வேயில் பணியாற்றினார்; பின்னர் இரண்டு உலகப் போர்களிலும் எதிரியின் மறைகுறிகளை உடைக்கும் வேலையில் இருந்தார். தாய் ரே ஸ்ட்ரேச்சி பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடி, அந்தப் போராட்டத்தின் வரலாற்றையும் எழுதியவர். சிறிய தந்தையருள் ஒருவரான லிட்டன் ஸ்ட்ரேச்சி ஆங்கில வாழ்க்கை வரலாற்று எழுத்தின் போக்கையே மாற்றினார். மற்றொருவரான ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி ஃபிராய்டின் நூல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். மறைகுறி, வரலாறு, மொழிபெயர்ப்பு என்று எழுத்தோடு மல்லுக்கட்டுவதே அந்த வீட்டின் தொழிலாக இருந்தது.

இத்தகைய வீட்டுப் பிள்ளையிடம் உலகம் நிறைய எதிர்பார்க்கும். அவரோ படிப்பில் சோபிக்கவில்லை. கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். டூரிங் அப்போது அங்கே இளம் ஆய்வாளர். மூன்றாம் ஆண்டில் மனநலம் குலைந்து படிப்பு இடையில் நின்றது. பின்னர் திரும்பி வந்து எழுதிய தேர்வில் கிடைத்தது சாதாரணமான இரண்டாம் வகுப்பு. ஆராய்ச்சியாளராகும் வழி அத்துடன் அடைபட்டது. போர்க்காலத்தில் ஒரு தொலைபேசித் தொழில் நிறுவனத்தில் வானொலி வால்வுகளை வடிவமைக்கும் பணியில் இருந்தபோது, வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் இயந்திரமொன்றைப் பயன்படுத்த நேர்ந்தது. கணிப்பின்மீது ஆர்வம் அங்கே பிறந்தது. போர் முடிந்ததும் கேன்டர்பரியில் ஒரு பள்ளியிலும் 1949 முதல் ஹாரோவிலும் ஆசிரியர் வேலை. நல்லாசிரியர்தான். ஆனால், முப்பது வயதைக் கடந்த அந்தப் பள்ளி ஆசிரியர் ஒரு நாள் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் ஆவார் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் அவரே நம்பியிருக்கமாட்டார் என்று தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு, 1952-இல், மான்செஸ்டர் கணினியைக் கொண்டு காதல் கடிதம் எழுத வைத்தார். வேலை எளிது. அன்பான ஒரு விளிச்சொல், ஓர் அடைமொழி, ஒரு பெயர்ச்சொல், ஒரு வினைச்சொல் என்று வாக்கியத்தின் சட்டகம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். வெற்றிடங்களில் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் சொற்கள் வந்து அமரும். கடிதத்தின் அடியில் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியின் பெயர்ச் சுருக்கம் கையொப்பமாக நிற்கும். படிப்பவருக்குச் சிரிப்பும் வரும். எங்கோ ஓர் இடத்தில், பரவாயில்லையே என்ற எண்ணமும் வரும். எழுதியதற்கோ தான் எழுதியது இன்னதென்று தெரியாது. இரண்டாண்டுகள் கழித்து ஓர் இலக்கிய இதழில் இதைப் பற்றி ஸ்ட்ரேச்சி எழுதியபோது, மிக எளிய ஒரு சூத்திரத்திலிருந்து இவ்வளவு வகை வகையான வாக்கியங்கள் பிறப்பதையே எடுத்துக்காட்டினார். இயந்திரம் காதலிக்கிறது என்று அவர் கதை கட்டவில்லை.

இந்தக் கடித விளையாட்டைப் பலர் ஒரு துணுக்குச் செய்தியாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது அவருடைய பிற்காலப் பணியின் வித்தாகத் தெரிகிறது. ஆனால், அந்த வித்து முளைக்கப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஹால்ஸ்பரி பிரபு தலைமையிலான தேசிய ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகம் 1952-இல் அவரைப் பணிக்கு எடுத்துக்கொண்டது. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் கடல்வழித் திட்டத்துக்கான நீரோட்டக் கணக்குகளுக்கு டொரான்டோவில் நிரல் எழுதினார். பெகாசஸ் என்ற கணினியின் வடிவமைப்பில் பெரும்பங்கு வகித்தார். ஒரே கணினி ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பங்கிட்டுச் செய்வது குறித்து 1959-இல் பாரிஸில் நடந்த யுனெஸ்கோ மாநாட்டில் கட்டுரை படித்தார். அதே ஆண்டில் வேலையை விட்டு, தனியாக ஆலோசகர் தொழிலைத் தொடங்கினார். உதவிக்கு அமர்த்திக்கொண்டவர் பீட்டர் லாண்டின். சம்பளம் கொடுத்து, நிரல்மொழிகளின் பொருள் என்ன என்ற கேள்வியை ஆராய ஓர் இளைஞரை அமர்த்திக்கொண்ட ஆலோசகர் அன்றைய உலகில் இவர் ஒருவராகவே இருந்திருப்பார்.

1962-இல் மாரிஸ் வில்க்ஸின் கேம்பிரிட்ஜ் கணித ஆய்வகத்தில் இணைந்தார். அங்கே, லண்டன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து சிபிஎல் என்ற புதிய நிரல்மொழி உருவாகிக்கொண்டிருந்தது. ஒரு நிரல்மொழியை இயந்திரம் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றித் தருவது கம்பைலர் என்ற இன்னொரு நிரல். சிபிஎல் கம்பைலரை எழுதுவதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. ஸ்ட்ரேச்சி உருவாக்கிய அந்தக் கருவிக்குப் பொதுப்பயன் மேக்ரோ ஆக்கி என்று பெயர், சுருக்கமாக ஜிபிஎம். 1965-இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது.

மேக்ரோ என்பதைப் பத்திர எழுத்தரின் வேலையை வைத்து எளிதில் விளக்கலாம். கிரயப் பத்திரத்தின் வாசகம் அவரிடம் நிலையாக இருக்கும். விற்பவர், வாங்குபவர், புல எண், தொகை ஆகிய நான்கைச் சொன்னால் போதும். இரண்டு பக்க ஆவணம் தயார். நிரலிலும் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கும் ஒரு பகுதிக்குப் பெயரிட்டு, மாறக்கூடிய இடங்களை வெற்றிடமாக விட்டுவைத்தால், அதன்பின் பெயரையும் நிரப்ப வேண்டியவற்றையும் மட்டும் எழுதினால் போதும். மீதியை மேக்ரோ ஆக்கி விரித்துக் கொடுக்கும். இதனால் விளைவது வெறும் தட்டச்சு மிச்சம் என்று எண்ணிவிடக் கூடாது. மொழியில் இல்லாத ஒரு கட்டளையை, மொழியை வகுத்தவரின் அனுமதியின்றி, பயன்படுத்துபவரே சேர்த்துக்கொள்ள முடிகிறது. மொழி வளர்கிறது. இந்த எண்ணம் ஸ்ட்ரேச்சிக்கு மட்டும் உரியதன்று. இயந்திரக் கட்டளைகளை எழுதியோர் 1950-களிலேயே மேக்ரோக்களைக் கையாண்டனர். உயர்நிலை மொழிகளையும் இவ்வாறு நீட்டலாம் என்று பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் மெக்கில்ராய் 1960-இல் எழுதினார். லிஸ்ப் மொழிக்கு 1963-இல் மேக்ரோ வந்தது.

ஸ்ட்ரேச்சியின் தனித்தன்மை வேறிடத்தில் இருக்கிறது. எந்த மொழியையும் சாராமல், மேக்ரோவை மட்டும் தனியே பிரித்தெடுத்து, இதற்குமேல் குறைக்க முடியாது என்னும் அளவுக்கு அதைச் சுருக்கினார். ஜிபிஎம்முக்கு எண் தெரியாது, கட்டளை தெரியாது, எந்த மொழியின் இலக்கணமும் தெரியாது. எழுத்துகளின் ஒரு தொடர் உள்ளே வரும். ஒரு தனிக்குறி கண்ணில் பட்டால் அதைத் தொடரும் பெயருக்குரிய வாசகத்தைத் தேடி எடுத்து, வெற்றிடங்களை நிரப்பி, வெளியே அனுப்பும். குறி இல்லாதவற்றை உள்ளது உள்ளபடியே நகலெடுக்கும். புதிய மேக்ரோவை வரையறுப்பதும் இன்னொரு மேக்ரோவை அழைப்பது போன்றதே. அவ்வளவுதான்.

இந்த வறுமையிலிருந்து அவர் செய்துகாட்டிய ஒன்றை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புன்னகை வரும். கூட்டலே தெரியாத அந்தக் கருவியைக் கொண்டு, ஓர் எண்ணுக்கு அடுத்த எண்ணைச் சொல்ல வைத்தார். 2 முதல் 10 வரையுள்ள எண்களை வரிசையாக நிறுத்துங்கள். 4-க்கு அடுத்தது எது என்று கேட்டால், அந்த வரிசையில் நான்காவதாக நிற்பது யார் என்று பாருங்கள்: 2, 3, 4, 5. விடை 5. நான்காவது இடத்தில் இருப்பதை எடுத்துத் தா என்று சொல்லும் தற்காலிக மேக்ரோ ஒன்று அந்தக் கணத்தில் வரையறுக்கப்பட்டு, வேலை முடிந்ததும் மறைந்துவிடும். இங்கே எவரும் எதையும் கூட்டவில்லை. இடத்தை நிரப்பினார்கள், விடை வந்துவிட்டது. மறைகுறி உடைத்தவரின் மகனுக்கே இப்படித் தோன்றும்.

ஆனால், அதே கட்டுரையில் ஸ்ட்ரேச்சி ஓர் எச்சரிக்கையையும் எழுதிவைத்தார். தம் கருவி தேர்ந்த நிரலாளர்களுக்கு ஒரு பொறி என்றும், சாமர்த்தியம் காட்டும் ஆசையைத் தூண்டி நேரத்தைத் தின்றுவிடும் என்றும், எழுதியது பிறகு எவருக்கும் விளங்காமல் போகும் என்றும் ஒளிக்காமல் சொன்னார். தாம் படைத்த ஒன்றை வெளியிடும் கட்டுரையிலேயே அதன் ஆபத்தைச் சொல்வது அறிவியல் உலகில் அவ்வளவாகக் காணக் கிடைக்காத பண்பு. இன்று புதிய மென்பொருளை வெளியிடும் நிறுவனங்களின் அறிவிப்புகளைப் படிப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆபத்து எங்கே இருக்கிறது? சி மொழி கற்பித்த ஆண்டுகளில் ஒரு கணக்கை ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் எழுதுவேன். ஓர் எண்ணின் வர்க்கத்தைத் தரும் மேக்ரோ: கொடுத்ததை எடுத்து, பெருக்கல் குறியிட்டு, கொடுத்ததை மீண்டும் எழுது. 5 கொடுத்தால் 5 பெருக்கல் 5; விடை 25. இனி 5 என்பதற்குப் பதில் 2 கூட்டல் 3 என்று கொடுங்கள். மேக்ரோ அதைக் கூட்டிப் பார்க்காது. எழுத்துகளை அப்படியே ஒட்டும். 2 கூட்டல் 3 பெருக்கல் 2 கூட்டல் 3 என்று வரும். பெருக்கலை முதலில் செய்ய வேண்டும் என்பது விதியாதலால் விடை 11. மாணவர்கள் சிரிப்பார்கள், அடைப்புக்குறி போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்வார். ஆம், சரியாகிவிடும். ஆனால், ஐந்து என்பதும் இரண்டும் மூன்றும் சேர்ந்தது என்பதும் ஒன்றே என்று நாம் நம்பியிருந்த ஓர் அடிப்படை அங்கே உடைந்துபோனது. எழுத்து மாறினால் பொருள் மாறிவிடும் உலகம் அது.

இதைவிடப் பெரிய இடர் மனிதர்கள் சம்பந்தப்பட்டது. மேக்ரோ ஒவ்வொருவரையும் மொழி வகுப்பவராக்குகிறது. பத்துப் பேர் பத்தாண்டு உழைத்த நிரலில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு வட்டார வழக்கையே உண்டாக்கியிருப்பார்கள். புதிதாக வேலையில் சேர்பவர் சி மொழியைக் கற்றிருப்பார். முன்னே இருப்பதோ அவர் கேள்விப்படாத மொழி. எழுதியவருக்கு மிச்சமான நேரத்தை வாசிப்பவர் வட்டியோடு செலுத்துகிறார். மென்பொருள் உலகில் ஒரு நிரல் எழுதப்படுவது ஒரு முறை, வாசிக்கப்படுவது பல முறை என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கு இலாபமாக முடிவதில்லை என்பது என் துணிபு. மேக்ரோ ஆதரவாளர்கள் இதை ஏற்கமாட்டார்கள். லிஸ்ப் மரபினர் சிறிதும் ஏற்கமாட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. லிஸ்ப்பில் மேக்ரோ எழுத்துகளை ஒட்டுவதில்லை. வாக்கியத்தின் அமைப்பையே கையில் எடுத்து மாற்றுகிறது. 1980-களில் ஸ்கீம் மொழியைச் சார்ந்தோரும், அண்மைக் காலத்தில் ரஸ்ட் மொழியை வகுத்தோரும், மேக்ரோவுக்குள் இருக்கும் பெயர்கள் வெளியிலுள்ள பெயர்களோடு மோதிக்கொள்ளாதபடி வேலி அமைத்தார்கள். மொழியை நீட்டலாம், எதை நீட்டுகிறோம் என்று தெரிந்து நீட்ட வேண்டும் என்பதே அந்த முயற்சிகளின் சாரம்.

ஸ்ட்ரேச்சியின் வாழ்வில் என்னைப் பெரிதும் கவர்வது, ஜிபிஎம் வெளியான பிறகு அவர் நடந்த திசை. அவர் மேலும் சாமர்த்தியமான மேக்ரோக்களைத் தேடிப் போகவில்லை. 1965-இல் ஆக்ஸ்போர்டில் நிரலாக்க ஆராய்ச்சிக் குழு அவருக்காக அமைந்தது. அங்கே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி, எழுத்துகளை மட்டுமே அறிந்த ஜிபிஎம் ஒருபோதும் கேட்க முடியாத கேள்வி: ஒரு நிரல் எதைக் குறிக்கிறது? எழுத்துகளைக் கழற்றிவிட்டால், எந்த இயந்திரம் என்பதையும் மறந்துவிட்டால், மிஞ்சும் பொருள் என்ன? இரண்டு நிரல்கள் வெவ்வேறாக எழுதப்பட்டிருந்தும் ஒன்றே என்று எப்போது சொல்லலாம்? 11-க்கும் 25-க்கும் இடையிலான அந்தக் கரும்பலகைக் கணக்கு எழுப்பும் கேள்வியும் இதுவே.

1967 ஆகஸ்டில் கோபன்ஹேகனில் நடந்த கோடைப் பள்ளியில் அவர் ஆற்றிய விரிவுரைகள் இத்துறைக்கு அடித்தளமிட்டன. மாறிக்கு இடப்புறம் நிற்கும்போது ஒரு பொருள், வலப்புறம் நிற்கும்போது வேறொரு பொருள் என்பதை அவர் தெளிவாகப் பிரித்துக்காட்டினார். ஒரே செயற்பாடு பல வகைத் தரவுகளின்மீது இயங்குவதில் இரு விதங்கள் உண்டு என்று வகுத்தார். இன்று கணினி அறிவியல் மாணவர்கள் பாலிமார்பிசம் என்று படிப்பதில் அந்த வகைப்பாடு அப்படியே இருக்கிறது.

1969 இலையுதிர்காலத்தில் அமெரிக்கத் தர்க்கவியலாளர் டானா ஸ்காட் ஆக்ஸ்போர்டுக்கு வந்து அவருடன் பணியாற்றினார். ஸ்ட்ரேச்சி தம் விளக்கங்களுக்கெல்லாம் அடிப்படையாகக் கொண்டிருந்தது லாம்டா கணிதத்தின் ஒரு கட்டற்ற வடிவம். அதற்குக் கணித ஆதாரமே கிடையாது, கைவிடுங்கள் என்பது ஸ்காட்டின் முதல் நிலைப்பாடு. ஸ்ட்ரேச்சியின் உள்ளுணர்வு விட்டுக்கொடுக்கவில்லை. அந்த நவம்பரிலேயே, இல்லை என்று தாம் வாதிட்டுவந்த ஆதாரத்தை ஸ்காட்டே கண்டுபிடித்தார். நிரலின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணிதப் பொருளை வழங்கி, முழுமையின் பொருளைத் துண்டுகளின் பொருளிலிருந்து கட்டியெழுப்பும் முறை இவ்வாறு பிறந்தது. இரண்டும் மூன்றும் சேர்ந்தது என்று எழுதினாலும் ஐந்து என்று எழுதினாலும் பொருள் ஒன்றே என்பதற்கு அங்கே உத்தரவாதம் உண்டு.

1971-இல் அவருக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. கேம்பிரிட்ஜில் இரண்டாம் வகுப்புடன் வெளியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. எழுதி வெளியிடுவதில் அவர் கஞ்சர். மனத்துக்கு நிறைவாக வராத எதையும் அச்சுக்கு அனுப்பமாட்டார். ஆகவே பல சிந்தனைகள் கையெழுத்துப் படிகளாகவும் மாணவர்களின் குறிப்புகளாகவுமே உலவின. அவருடைய மாணவர் ராபர்ட் மில்னுடன் சேர்ந்து ஆடம்ஸ் பரிசுக்காக நீண்ட கட்டுரை ஒன்றை எழுதி முடித்தார். அதைத் திருத்தி நூலாக்கும் வேலை மிச்சமிருந்தது. தொற்றுக் கல்லீரல் அழற்சி அதற்குமுன் வந்தது. 1975 மே 18 அன்று, 58 வயதில், ஸ்ட்ரேச்சி மறைந்தார். மில்ன் அந்நூலை முடித்து மறு ஆண்டு வெளியிட்டார்.

அவர் விட்டுச் சென்றவை இரு வேறு தடங்களில் போயின. சிபிஎல் முழுமை பெறவே இல்லை. ஆனால் அதைச் சுருக்கி மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் பிசிபிஎல் மொழியை உருவாக்கினார், அதிலிருந்து பி, பி-யிலிருந்து சி என்று அந்த வழி உலகெங்கும் பரவியது. ஜிபிஎம்மின் வழியில் பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் 1977-இல் எம்4 என்ற மேக்ரோ கருவியை உருவாக்கினார்கள். லினக்ஸ் கணினிகளில் மென்பொருளைக் கட்டமைக்கும்போது இன்றும் அது பின்னணியில் ஓடுகிறது. அதன் வரிகளை வாசித்துப் பார்த்தவர்கள், ஸ்ட்ரேச்சி 1965-இல் எழுதிய எச்சரிக்கை எவ்வளவு துல்லியமானது என்று அறிவார்கள். மற்றத் தடமான கோபன்ஹேகன் விரிவுரைக் குறிப்புகளோ, படியெடுத்துப் படியெடுத்து மங்கிய தாள்களாக ஆய்வாளர்களின் மேசைகளில் 33 ஆண்டுகள் சுற்றிவந்தன. அவை முறையாக அச்சேறியது 2000-ஆம் ஆண்டில்தான்.